ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கம்?

அத்தியாயம் 6

இலாரியோ பெரால்தாவின் வலது கையில் ஐந்து விரல்களும் உடைந்திருந்தன. அதற்குப் பிறகுதான் மண்டையை உடைத்திருக்கிறார்கள்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், எல்விரா லுதுவேன்யாவின் பழைய சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை காலை போனில் அவர் சொன்னது இந்த இரண்டு வரிதான். எல்விரா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொல்ல வந்தவன் விரலை உடைக்க மாட்டான், சில்வண்டு."

"கேள்வி கேக்க வந்தவன்தான் உடைப்பான், தோன்யா."

"பதில் கிடைச்சிருந்தா?"

"ரெண்டாவது விரலோட நிறுத்தியிருப்பான்."

"அஞ்சையும் உடைச்சிருக்கான். அப்போ பதில் கிடைக்கல. எந்திரி, கிளம்பலாம்."

என் பெயர் ரமிரோ. கோர்தோபா நகரில் ஞானஸ்நானப் பெயரைப் பாதிரியாரும் போலீஸும் மட்டுமே பயன்படுத்துவார்கள். வாய் ஓயாததால் மற்ற எல்லோருக்கும் நான் சில்வண்டு. பதினெட்டு வருஷம் பியூஜோ டாக்ஸி ஓட்டினேன். அது நின்ற இடத்திலெல்லாம் நானே பிரித்து நானே மாட்டினேன். ஊரே 'தோன்யா' என்று மரியாதையாக அழைக்கும் எல்விரா இருபத்தைந்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை அளந்தவர். நசுங்கிய காரைப் பார்த்து, ஓட்டியவன் பொய் சொல்கிறானா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு காரை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

இந்த வழக்கு எங்களிடம் வந்தது இலாரியோவின் மகள் ஸுலேமா மூலம். முந்தின நாள், சனிக்கிழமை முற்பகல், அவளுடைய அப்பா தன் வீட்டு ஷெட்டில் சொந்தக் காரின் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது அவள் கணவன் கஸ்தோன் உள்ளே போனான். மாமனார் ரத்தத்தில் கிடந்தார். தூக்கிப் பார்த்தான். பத்தே நிமிஷத்தில் சார்ஜென்ட் ஃபூனெஸ் ஜீப்பில் வந்து இறங்கினார். கஸ்தோனின் சட்டை முழுக்க ரத்தம். அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, மாமனாரும் மருமகனும் நடுத்தெருவில் கைகலந்ததைத் தெருவே பார்த்திருந்தது. வேறென்ன வேண்டும்? கஸ்தோன் லாக்கப்பில்.

"காலையில ரொட்டி கொண்டு போனேன்," என்றாள் ஸுலேமா. "மெல்ல முடியல அவரால. முன்பல்லு ரெண்டைக் காணோம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான்தான் கொன்னேன்னு கையெழுத்துப் போட்டுருவார், தோன்யா. போடலன்னா செத்துருவார்."

நாங்கள் போனபோது ஷெட்டின் இரும்பு ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. பக்கவாட்டுக் கதவருகே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சார்ஜென்ட் ஃபூனெஸ். நல்ல உயரம். ஷேவ் செய்த முகம். எழுந்து தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமையும் காவலா, சார்ஜென்ட்?" என்றேன். "பாவம், வீட்டு அடுப்புல அசாதோ இறைச்சி கருகிப் போயிடுமே."

"வீட்ல யாரும் இல்லய்யா. பொண்டாட்டி அவ தங்கச்சி ஊருக்குப் போயிருக்கா," என்று சிரித்தார். பிறகு எல்விராவிடம், "அரை மணி நேரம் பாருங்க, தோன்யா. சட்டப்படி விடக் கூடாது. உங்க பேருக்காக விடுறேன். எதைக் கண்டாலும் முதல்ல என்கிட்டதான் சொல்லணும்" என்றார்.

லாக்கப்பில் பல்லை உதிர்க்கிற ஸ்டேஷனில் இப்படி ஒரு மரியாதைக்காரரா என்று எனக்கு வியப்பாக இருந்தது. எல்விரா உள்ளே போனார்.

ஷெட்டுக்குள் மண்ணெண்ணெய் வாடையும் ரத்த வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஏறின. நடுவில் சாம்பல் நிற பியூஜோ, பானெட் திறந்தபடி நின்றது. அதன் எஞ்சினின் தலைமூடியான சிலிண்டர் ஹெட் கழற்றப்பட்டு ஓரத்து மேசையில் கிடந்தது. மேசைக்குக் கீழே சிமென்ட் தரையில் ரத்தம் குளமாகி உறைந்து கறுத்திருந்தது. சுவரில் ஆளுயரத்துக்குத் தெறிப்பு. விரல் உடைத்தது எங்கே என்று கேட்கவே வேண்டாம். மேசையோரத்தில் பொருத்திய வைஸ் இடுக்கியில் தோலும் நகமும் ஒட்டியிருந்தன.

"ஒரே நாள்ல ரெண்டு தலை பிரிஞ்சிருக்கு," என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எல்விரா திட்டவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க வா. இந்த ரத்தம் எங்க போகுது?"

குளத்திலிருந்து ஓர் இழுப்புத் தடம் கிளம்பியது. முழங்கையால் ஊர்ந்த தடம். மேசையிலிருந்து காருக்கு அடியில் போய் முடிந்தது.

"அடி தாங்காம ஊர்ந்திருக்காரு. பிணம் கிடந்தது அங்கதான், பாதி காருக்கு அடியில."

"கதவு எந்தப் பக்கம்?"

நான் திரும்பிப் பார்த்தேன். கதவு நேர் எதிர்ப்பக்கம்.

"உயிர் பிழைக்க ஓடுறவன் வெளிச்சத்தைப் பார்த்து ஊர்வான்," என்றார் எல்விரா. "இந்த மனுஷன் இருட்டைப் பார்த்து ஊர்ந்திருக்கார். சரி, இருக்கட்டும். இந்த மேசையில என்ன வேலை நடந்துச்சு? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. வேடிக்கை வேண்டாம்."

சொன்னேன். வண்டி அளவுக்கு மீறிக் கொதித்தால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். வளைந்த ஹெட்டுக்கு, கசிவை அடைக்கிற எந்த கேஸ்கட்டும் நிற்காது. பட்டறைக்குக் கொண்டுபோய் மெஷினில் தேய்க்கலாம். பொறுமை இருந்தால் வீட்டிலேயே கனத்த கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, ஹெட்டைக் கவிழ்த்து எட்டுப் போட்டுத் தேய்த்து மட்டமாக்கலாம். ஆனால் தேய்ப்பது கால்வாசி வேலைதான். அதற்குத் தயார் செய்வதுதான் முக்கால்வாசி.

தயாரிப்பு அழகாக நடந்திருந்தது. பத்து ஹெட் போல்ட்டும் முட்டை அட்டையில் வரிசையாக. எஞ்சினின் நாலு துவாரத்திலும் தூசி விழாமல் சுத்தமான துணி. எண்ணெய் ஓட்டைகளில் காகிதச் சுருள். பழைய கேஸ்கட்டை இரும்பால் சுரண்டாமல், அலுமினியம் கீறாதபடி மரச்சீவலால் எடுத்திருந்தார்கள். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாள் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் ஒட்டித் தயாராக இருந்தது. வால்வுகள் ஏழு வெளியே வந்திருந்தன. எட்டாவது மட்டும் இன்னும் ஹெட்டில். அதன் ஸ்பிரிங்கை ஓர் இரும்புக் கவ்வி அமுக்கிப் பிடித்திருந்தது. ஸ்பிரிங்கை நிறுத்தி வைக்கும் லாக் இரண்டும் கழன்று ஒரு டப்பா மூடியில் கிடந்தன.

"இதுல கை வைக்காதீங்க தோன்யா. இந்தக் கவ்வி நழுவுச்சுன்னா ஸ்பிரிங் பாய்ஞ்சு வரும்."

"அப்போ எட்டாவது வால்வைக் கழட்டும்போது ஆள் உள்ள நுழைஞ்சிருக்கான். ஹெட் எவ்வளவு வளைஞ்சிருக்கு?"

ஹெட்டை ஒருக்களித்து, அங்கிருந்த இரும்பு ஸ்கேலை வைத்து, கீழே இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜை நுழைத்தேன். பத்தில் அரை மில்லிமீட்டர் தகடு போனாலே ஆகாது. இங்கே பத்தில் மூன்று மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போய் வந்தது.

"அடேங்கப்பா! இது வெறுமனே சூடானது இல்ல. தண்ணி தீர்ந்து, ஆவி வந்து, அதுக்கப்புறமும் ஓட்டியிருக்காரு. இலாரியோவை எனக்குத் தெரியும். ஊசி ஒரு மயிரிழை ஏறினா வண்டியை ஓரங்கட்டிட்டு எஞ்சினுக்கு விசிறி விடுற ஆளு. முப்பது வருஷம் பியூஜோ மெக்கானிக்."

"அப்படிப்பட்டவர் ஏன் நிறுத்தல?"

"நிறுத்த முடியாம இருந்திருக்கும்."

"ஏன் முடியல?"

ஃபீலர் கேஜை மேசையில் வைத்தேன். அப்போதுதான் வால்வுகள் செருகியிருந்த அட்டை என் கண்ணில் பட்டது. செருப்புப் பெட்டி மூடியில் எட்டு ஓட்டை போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் எண் எழுதியிருந்தது. எந்த வால்வு எந்தச் சிலிண்டருடையது என்று மாறிப்போகாமல் இருக்க எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். மூடியின் ஒரு முனையில் '1'. அதன் பக்கத்தில் ஓர் அம்பு போட்டு 'விசிறி' என்று எழுதியிருந்தது.

"தோன்யா, இதை இலாரியோ எழுதல."

"கையெழுத்து தெரியுமா?"

"கையெழுத்து எதுக்கு? ஊர் உலகத்துல எல்லா வண்டிக்கும் ஒண்ணாம் சிலிண்டர் முன்னால, விசிறிப் பக்கம். இந்த பிரெஞ்சுக்காரன் வண்டிக்கு மட்டும் கியர்பாக்ஸ் பக்கம். பின்னாலேர்ந்து எண்ணுவான். முப்பது வருஷம் பியூஜோ பார்த்தவன் தூக்கத்துல எழுதினாலும் விசிறிப் பக்கம் நாலுன்னுதான் எழுதுவான். இதை எழுதினது வேற வண்டி பழகின ஆளு. இங்க வேற வண்டின்னா ஃபோர்டுதான்."

"ஃபோர்டு பாக்குறவங்க இந்தத் தெருவுல யாரு?"

நான் குரலைத் தாழ்த்தினேன். "ஸ்டேஷன் வண்டி மூணும் ஃபோர்டு. அதை வீட்ல வச்சுப் பிரிச்சு மாட்டுறவர் ஒருத்தர்தான். வாசல்ல துப்பாக்கியோட காத்து வாங்குறாரு. பாருங்க, கொலையும் பண்ணிட்டு வால்வையும் கழட்டியிருக்கான்!"

எல்விரா அட்டையை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். எண்களின் மேல் ரத்தப் பொட்டுகள் தெறித்துக் காய்ந்திருந்தன.

"ரத்தம் எழுத்து மேல இருக்கு. எழுத்து ரத்தத்து மேல இல்ல. எழுதி முடிச்ச அப்புறம்தான் அடி விழுந்திருக்கு. அதுக்கு முன்னாடி ரெண்டு பேர் இங்க சமாதானமா உட்கார்ந்து வேலை பார்த்திருக்காங்க." மேசை ஓரத்தில் இருந்த மாத்தே தேநீர்க் குடுவையை எடுத்தார். உள்ளே இலை காய்ந்திருந்தது. சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "சர்க்கரை. வா, சமையலறைக்கு."

போகும்போது, காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்த லோமிதோ என்ற இறைச்சி ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். பாதி தின்றது. காலையிலிருந்து சாப்பிட நேரமில்லை. மீதியை அங்கே நின்று தின்ன மனசு வரவில்லை.

ஸுலேமா அடுப்படியில் அழுகையும் இல்லாமல் சும்மா நின்றிருந்தாள்.

"உங்கப்பா மாத்தேயில சர்க்கரை போடுவாராம்மா?"

"அப்பாவா? சர்க்கரை வியாதி அவருக்கு. அம்மா இருந்தப்பவே வீட்ல சர்க்கரை வாங்குறதில்ல."

"வண்டி கொதிச்ச அன்னைக்கு எங்க போனார்?"

அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை விடியக்காலையில மலைப்பாதையில போனாராம். சாயங்காலம் லாரி கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க வண்டியை. எங்க போனீங்கன்னு கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்தார்."

"கஸ்தோனோட சண்டை எதுக்கு?"

ஸுலேமா தலையைக் குனிந்துகொண்டாள். "பின்னாடி ரூம்ல ஒரு பொம்பளை செருப்பைப் பார்த்திருக்கார். அம்மா செத்து வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள ஒருத்தியான்னு கேட்டுட்டார். அப்பா ஒரு வார்த்தை பேசல. ஓங்கி ஒரு அறை விட்டார். அப்புறம் தெருவுல உருண்டாங்க ரெண்டு பேரும்."

"சார்ஜென்ட் பொண்டாட்டியைப் பார்த்திருக்கியா?"

"நெலிதாவா? கடைக்கு வர்றப்ப பார்ப்பேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பா, மழையா இருந்தாலும். ஒருநாள் கழட்டினா. கண்ணே தெரியல, அவ்வளவு வீக்கம். அந்த மனுஷன் வண்டி பிரிக்கிறப்ப அவதான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கணும். தப்பா கொடுத்தா அதாலயே அடி."

எல்விரா என் பக்கம் திரும்பவே இல்லை. விறுவிறுவென்று ஷெட்டுக்கு நடந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எண் எழுதிய ஃபோர்டு ஆள் கொலைகாரன் இல்லை. ஃபோர்டுக்காரனிடம் உதை வாங்கித் தொழில் கற்றவள்.

மேசையில் என் லோமிதோவைக் காணோம்.

"எலி," என்றேன். "இந்த நிலைமையிலயும் அதுக்குப் பசி."

எல்விரா காகிதத்தைக் காட்டினார். நாலாக மடித்து, காற்றில் பறக்காமல் அதன் மேல் ஒரு போல்ட் வைத்திருந்தது.

"எலி காகிதத்தை மடிச்சு வைக்குமா?"

அவர் காருக்கு அருகே போய், முட்டி போட்டு, ரத்தத் தடம் முடிந்த இடத்தில் கை வைத்தார். தடித்த மரப் பலகைகள். வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய வெட்டிய குழியை மூடியவை. இலாரியோ தப்பிக்க ஊர்ந்து வரவில்லை. மூடியின் மேல் படுப்பதற்காக ஊர்ந்து வந்திருக்கிறார்.

"நெலிதா," என்றார் எல்விரா, தரையைப் பார்த்து. "நான் போலீஸ் இல்லம்மா. ஸுலேமா அனுப்பின ஆளு."

பலகையில் காதை வைத்தார். பிறகு பலகை இடுக்கிலிருந்து ஒரு குரல், காய்ந்து கிழிந்து வந்தது.

"அவன் போயிட்டானா?"

"வாசல்ல இருக்கான். மெதுவாப் பேசு. என்ன நடந்துச்சு?"

"செவ்வாய்க்கிழமை என்னை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் விடத்தான் கூட்டிட்டுப் போனார். பாதி மலையில தண்ணிக் குழாய் வெடிச்சுது. பின்னாடியே போலீஸ் ஜீப். நிறுத்தினா இறங்கி வந்து பார்ப்பாங்க. 'எஞ்சின் போனா போகட்டும் பொண்ணே, கீழே படு'ன்னு சொல்லி ஓட்டினார். லாரி இழுத்த வண்டிக்குள்ளயே படுத்துத் திரும்பி வந்தேன், இங்கயே வச்சுக்கிட்டார். நேத்து வேலைக்கு ஒத்தாசையா இருந்தேன். கதவைத் தட்டின தட்டுலயே அவன்னு தெரிஞ்சுது எனக்கு. இவர் என்னை இதுக்குள்ள தள்ளிப் பலகையைப் போட்டார்."

குரல் பலகைக்கு இன்னும் கிட்டே வந்தது.

"'உன் மருமகன் வெள்ளிக்கிழமை குடிச்சிட்டு பார்ல நின்னு கத்தியிருக்கான், மாமனார் வீட்ல எவளோ இருக்கான்னு. எவ அவ? நெலிதா எங்க?'ன்னு கேட்டான். இவர் தெரியாதுன்னார். சடக்குன்னு ஒரு சத்தம். திரும்பக் கேட்டான். திரும்ப சடக்குன்னு. அஞ்சு தடவை, தோன்யா. அஞ்சு தடவையும் தெரியாதுன்னார். நான் வாயில துணியை அடைச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் அடி. அப்புறம் என் மேல பலகையில வந்து விழுந்தார். இடுக்கு வழியா ரத்தம் சொட்டி என் தலையெல்லாம்... வெளியில கஸ்தோன் கூப்பிட்ட சத்தம் கேட்டதும் இவன் பின்பக்கமா ஓடினான். தண்ணித் தொட்டியில இரும்பு விழுந்த சத்தம் கேட்டுது."

"நன்றி, தோன்யா," என்றது எங்களுக்குப் பின்னால் ஒரு குரல்.

ஃபூனெஸ் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டிருந்தார். எங்களை ஏன் உள்ளே விட்டான் என்று அப்போது புரிந்தது. அவனுக்குக் கிடைக்காததை நாங்கள் மோந்து கண்டுபிடிப்போம் என்று கட்டவிழ்த்து விட்டிருக்கிறான்.

"நான் வீடு பூரா தேடினேன்," என்றான். மரியாதை இன்னும் போகவில்லை. "அந்தக் கிழவன் பிணம் கிடந்த இடத்துக்குக் கீழேன்னு தோணல பாருங்க. வெளிய வாடி."

"சார்ஜென்ட்," என்றேன், "அரை மணி நேரம்னு சொன்னீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம்..."

துப்பாக்கிக் கட்டை என் வாயில் இறங்கியது. உதடு கிழிந்து பல் ஒன்று நாக்கின் மேல் உருண்டது. மேசையில் மோதி முட்டி போட்டு விழுந்தேன். எல்விரா எழுந்து குறுக்கே நின்றார். ஐம்பத்தெட்டு வயசுப் பெண் என்று பார்க்கவில்லை அவன். பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான். அவர் காரின் கதவில் மோதிச் சரிந்தார். மறுபடி உதைத்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"இவ உங்க ரெண்டு பேரையும் கொன்னுட்டா, அதனால நான் இவளைச் சுட்டேன். எழுதுறதுக்கும் சுலபம்." துப்பாக்கியை எல்விராவின் நெற்றிக்கு நேராகக் கொண்டுபோனான்.

நான் மேசையைப் பிடித்து எழ முயன்றபோது கையில் தட்டுப்பட்டது அந்தக் கவ்வி. யோசிக்கவில்லை. ஹெட்டை அவன் முகத்துக்கு நேராகப் புரட்டிச் சாய்த்து, கையில் கிடைத்த ஸ்பேனரால் கவ்வியின் பக்கவாட்டில் ஒரே தட்டு.

ஸ்பிரிங் பாய்ந்தது.

அவன் போட்ட கூச்சல் மனிதக் கூச்சலாக இல்லை. இடது கண்ணைப் பொத்திய விரல்களுக்கிடையே ரத்தம் பீறிட்டது. துப்பாக்கி வெடித்து வண்டியின் கண்ணாடி நொறுங்கியது. கண் தெரியாமல் சுற்றினான். எங்கள் பக்கம் திரும்பி மறுபடி சுட்டான். சுவர்ப் பூச்சு பெயர்ந்து என் தலையில் கொட்டியது. ஓரடி பின்னால் வைத்தான். அந்த அடி காருக்கு வெளியே நீண்டிருந்த பலகையின் மேல் விழுந்தது.

பலகை நகர்ந்தது. குழியிலிருந்து ஒரு கை வந்து அவன் கணுக்காலைப் பற்றி இழுத்தது.

சிமென்ட் விளிம்பில் தாடை மோத விழுந்தான். துப்பாக்கி சறுக்கிப் போயிற்று. குழியிலிருந்து நெலிதா ஏறி வந்தாள். தலைமயிர் முழுக்க ரத்தம் காய்ந்து கயிறு கயிறாகத் தொங்கியது. அடுத்தவருடைய ரத்தம். ஒரு பலகையை இரண்டு கையாலும் தூக்கி அவன் முதுகில் போட்டாள். மறுபடி. மறுபடி. தோளில், முழங்கையில், கையில். ஒவ்வொரு அடிக்கும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"நெலிதா எங்க? நெலிதா எங்க? சொல்லுடா, நெலிதா எங்க?"

பலகையைத் தலைக்கு மேல் ஓங்கியபோது எல்விரா தரையிலிருந்தே கத்தினார்.

"மண்டையில வேண்டாம்! அவன் உயிரோட வேணும் எனக்கு. கஸ்தோன் அங்க செத்துக்கிட்டிருக்கான்."

பலகை அந்தரத்தில் நின்றது. நெலிதா அதைப் பக்கத்தில் எறிந்துவிட்டு, அவன் மேல் காறித் துப்பினாள்.

"சில்வண்டு, ஷட்டரைத் தூக்கு. முழுசா."

"பூட்டியிருக்கு..."

"உடை!"

உள்பக்கக் கொக்கியைச் சுத்தியலால் அடித்துப் பெயர்த்து ஷட்டரைத் தள்ளினேன். மதிய வெயில் ஒரேயடியாக உள்ளே வந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் தெருவே அங்கே நின்றது. அசாதோ அடுப்பை விட்டு வந்தவர்கள். சிலர் கையில் இறைச்சி வெட்டும் கத்தி அப்படியே. தெருமுனையிலிருந்து கார்ப்பரல் பூஸ்தோஸ் துப்பாக்கியை உருவிக்கொண்டு ஓடி வந்தார்.

"இவளைப் பிடி!" என்று தரையிலிருந்து அலறினான் ஃபூனெஸ். "கிழவனைக் கொன்னவ இவதான்! என்னையும் கொல்லப் பாத்தா!"

கார்ப்பரல் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக அவனுக்குக் கீழே வேலை பார்ப்பவர். துப்பாக்கியின் வாய் நெலிதாவின் பக்கம் திரும்பியது.

நெலிதா தெருவைப் பார்த்துப் பேசினாள். சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக. கேட்டது என்ன, சொன்னது என்ன, எத்தனை தடவை. தொட்டியில் விழுந்த இரும்பு வரைக்கும். ஸுலேமா வாயில் கை வைத்து நின்றாள்.

"பைத்தியம்," என்றான் ஃபூனெஸ். "நேத்து அந்த நேரத்துல நான் ஸ்டேஷன்ல இருந்தேன்."

"இல்ல," என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். பின்வீட்டு இறைச்சிக் கடைக்காரர். தடித்த மனிதர். முகம் வெளிறியிருந்தது. "பன்னெண்டுக்குக் கால் மணி இருக்கும்போது என் கொட்டகை ஓட்டு மேல குதிச்சது நீ. ஓடு நாலு உடைஞ்சுது. போலீஸ்காரன் விஷயம் நமக்கெதுக்குன்னு வாயை மூடிட்டேன். வெக்கமா இருக்கு எனக்கு."

கார்ப்பரல் பூஸ்தோஸ் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். நாங்கள் காத்திருந்தோம். திரும்பி வந்தபோது சட்டைக் கை தோள் வரை நனைந்திருந்தது. கையில் ஹெட் போல்ட் தளர்த்துகிற முழ நீள இரும்புக் கம்பி, தண்ணீர் சொட்டச் சொட்ட.

அதை எல்லோரும் பார்க்கும்படி தரையில் வைத்தார். பிறகு குனிந்து தன் சார்ஜென்டின் கைகளைப் பின்னால் இழுத்து விலங்கை மாட்டினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் கஸ்தோனைப் பார்த்தோம். எல்விராவுக்கு விலாவில் இரண்டு முறிவு. கட்டுப் போட்டுக்கொண்டு, படுக்கச் சொன்ன டாக்டரை முறைத்துவிட்டு வந்திருந்தார். எனக்கு உதட்டில் ஆறு தையல். கஸ்தோனுக்கு எத்தனை என்று எண்ண முடியவில்லை. முகம் முகமாக இல்லை.

நெலிதா கட்டில் காலடியில் நின்றாள். குளித்திருந்தாள். "நான் நேத்தே வாயைத் திறந்திருந்தா உங்களை அடிச்சிருக்க மாட்டாங்க. மன்னிச்சிடுங்க."

"திறந்திருந்தா உங்களையும் கொன்னிருப்பான்," என்றான் கஸ்தோன், பல் இல்லாத வாயால். "மாமா செத்தது வீணாப் போயிருக்கும்." ஸுலேமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் அவரைக் கேவலமாப் பேசிட்டேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் காப்பாத்தியிருப்பேனே அந்த ரகசியத்தை."

பிறகு எல்விராவின் பக்கம் தலையைத் திருப்பினான்.

"ஒண்ணு மட்டும் புரியல, தோன்யா. அவர் யார்கிட்டயும் சொல்லல. இவங்க வெளியவே வரல. அப்புறம் ஃபூனெஸுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஸுலேமாவின் விரல்கள் அவன் கைக்குள் அசையாமல் நின்றன. தெருவில் எல்லாவற்றையும் கேட்டவள் அவள். நெலிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாழ்க்கையில் எந்த இடத்திலும் எனக்கு ஒரு வார்த்தை இல்லாமல் போனதில்லை. அங்கே போயிற்று.

"போலீஸ்காரன்பா," என்றார் எல்விரா. "அவனுங்களுக்கு எப்படியும் தெரிஞ்சிடும்."

கஸ்தோன் அவரையே பார்த்தான். பிறகு ஸுலேமாவைப் பார்த்தான். வீங்கிய இமைகளுக்குள் கண் மட்டும் மெல்ல அகலமாயிற்று. பாரில் குடித்த வெள்ளிக்கிழமையை அவன் நினைவில் தேடிக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது. கிடைத்ததும் தெரிந்தது.

மறுபடி அவன் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஸுலேமா அவன் கையை விட்டாள். சற்று நேரம் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு போர்வையை இழுத்து அவன் தோளை மூடினாள்.